தறியிலிருந்து வந்த இடுப்பு

சாப்பாட்டு மேசையில் அந்த மனிதர் சற்று முன்னால் குனிந்தால் போதும், இடுப்பிலிருந்து கிறீச்சென்று சத்தம் வரும். மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை. கூடியமட்டும் அவர் இருக்கும் அறையில் தான் இல்லாதபடி பார்த்துக்கொண்டார். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நடந்த கதை இது. பாரிஸைச் சேர்ந்த ஜூடே சகோதரர்கள் 1946-ல் கொண்டுவந்த முறைப்படி, தேய்ந்துபோன தொடை எலும்புத் தலையை வெட்டி எடுத்துவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த பந்து ஒன்றை அவருக்கு வைத்திருந்தார்கள். வலி குறைந்தது. பதிலுக்கு இந்தச் சத்தம் வந்து சேர்ந்தது.

புகார் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவரின் காதுக்குப் போனது. வேறொருவர் என்றால், "வலி போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று அனுப்பி வைத்திருப்பார். சார்ன்லி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். கிறீச்சிடுகிறது என்றால் உராய்கிறது. உராய்வு அவ்வளவு அதிகம் என்றால், பந்து வழுக்கிக்கொண்டு சுழலாமல் கிண்ணத்தைக் கவ்வும். கவ்விக்கொண்டு, தொடை எலும்புக்குள் செருகியிருக்கும் தன் காம்பையே ஆட்டிவிடும். சிலருக்கு நாளடைவில் சத்தம் தானாக நின்றுபோவதும் உண்டு. மூட்டு பழகிவிட்டது என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். சார்ன்லி போட்ட கணக்கு வேறு: காம்பு கழன்றுவிட்டது, அசைவு இடம் மாறிவிட்டது, அதனால்தான் சத்தமில்லை. இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் செய்துகொள்ளும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. ஒரு மனைவியின் எரிச்சலுக்கும் அதில் பங்குண்டு என்பதை மருத்துவ வரலாற்றில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் சொல்லி வைக்கிறேன்.

இடுப்பு போனால் என்ன ஆகும் என்பது வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும். முழங்கால் தேய்ந்தவர் சுவரைப் பிடித்தாவது நகர்ந்துவிடுவார். இடுப்பு தேய்ந்தவரால் காலை விரிக்க முடியாது, மடக்க முடியாது. செருப்பு மாட்டவும் கால் நகம் வெட்டவும் இன்னொரு கை வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்து கழுவிக்கொள்வதற்கே ஆள் வேண்டியிருக்கும்போது, வலியைவிடக் கூச்சம்தான் மனிதரை அதிகம் ஒடுக்குகிறது. தண்ணீர் குடித்தால் போக வேண்டிவருமே என்று குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பாட்டிகள் எத்தனை பேர்! இரவில் புரண்டு படுத்தால் வலி எழுப்பிவிடும். அவர் எழுந்தால் பக்கத்தில் பாய் போட்டிருக்கும் மகளோ மருமகளோ எழுந்தாக வேண்டும். இடுப்பிலுள்ள கோளாறு பலருக்கு முழங்கால் வலியாகத் தெரியும். அதனால் ஆண்டுக்கணக்கில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் படுக்கை, பெட்பேன், படுக்கைப்புண், நெஞ்சுச்சளி.

சார்ன்லிக்கு முன்னால் முயன்றவர்கள் பலர். பெர்லினில் கிளுக் என்பவர் 1890-லேயே யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் 1923-ல் எலும்புத் தலைமேல் கண்ணாடிக் குப்பி கவிழ்த்தார். கண்ணாடி உடைந்தது, பிறகு உலோகத்துக்கு மாறினார். லண்டனில் வைல்ஸ் 1938-ல் பந்து, கிண்ணம் இரண்டையும் எவர்சில்வரில் செய்து வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. மூட்டையே அசையாதபடி இறுக்கிச் சேர்த்துவிடுவதும் ஒரு வழியாக இருந்தது. வலி போகும், கால் மரக்கட்டையாகிவிடும்.

சார்ன்லி 1911-ல் லங்காஷயரின் பரி என்ற ஊரில் பிறந்தவர். முன்கோபி, பிடிவாதக்காரர், வீட்டிலேயே கடைசல் எந்திரம் வைத்துக்கொண்டு உலோகம் கடைந்தவர். எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காகத் தன் காலையே சக மருத்துவரிடம் நீட்டி அறுக்கச் சொன்னார். புண்ணில் கிருமி ஏறி, மறுபடி அறுவை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் திருந்தவில்லை என்பதைப் போகப் போகப் பார்ப்போம். மான்செஸ்டரில் நல்ல பதவி இருந்தும், விகன் நகருக்குப் பக்கத்திலிருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார். அது ஒரு பழைய காசநோய் மருத்துவமனை. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டதால் படுக்கைகள் காலியாகிக்கொண்டிருந்தன. அங்கே இடுப்புக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்.

முதல் வேலையாக உராய்வை அளந்தார். மனித மூட்டில் குருத்தெலும்பும் குருத்தெலும்பும் உராய்வது பனிக்கட்டியோடு பனிக்கட்டி உராய்வதைவிடக் குறைவு. செயற்கைப் பொருள் எதுவும் அந்த அளவுக்கு இறங்காது. மூட்டுக்குள் சுரக்கும் இயற்கைத் திரவமும் செயற்கைப் பொருளுக்கு உதவாது என்பது அவர் முடிவு. அப்படியானால் தானாகவே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும். அப்போதுதான் டெஃப்லான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. பின்னாளில் நம் தோசைக்கல்லுக்கு வந்ததே, அதே டெஃப்லான்தான். அதில் கிண்ணம், எவர்சில்வரில் பந்து. 1958-ல் தொடங்கினார்.

பந்தின் அளவில்தான் அவருடைய பொறியியல் மூளை தெரிகிறது. இயற்கையான தொடைத் தலை 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். சார்ன்லி படிப்படியாகக் குறைத்து 22 மில்லிமீட்டருக்கு வந்தார். பந்து சிறுத்தால் சுழலும்போது உராய்வின் முறுக்கு விசை குறையும். கிண்ணத்தின் சுவரைத் தடிமனாக வைக்கலாம். கிண்ணம் எலும்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளாது. இயற்கையைப் பார்த்துக் காப்பி அடித்தவர்கள் பெரிய பந்து வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தபோது இவர் துணிந்து இயற்கையை விட்டு விலகினார்.

அடுத்தது, பொருத்துவது. பல் மருத்துவர்கள் பல்செட்டுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித் யோசனை சொன்னார். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவு போலாகி, சில நிமிடங்களில் சூடேறி இறுகும். அதை எலும்புக் குழிக்குள் திணித்துக் காம்பைச் செருகினார். இது கோந்து அல்ல. கதவு நிலையை நிறுத்தி, சுவருக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கொத்தனார் சாந்து அடைப்பாரே, அந்த வேலை: இடைவெளி முழுவதையும் நிரப்பி, உடம்பின் பாரத்தை ஒரே புள்ளியில் விழவிடாமல் எலும்பு முழுவதற்கும் பகிர்ந்துவிடுவது.

முதல் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தவர்கள் வலியில்லாமல் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார்கள். 1961-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. நோயாளிகள் குவிந்தார்கள். ஏறக்குறைய 300 இடுப்புகளுக்கு டெஃப்லான் வைத்தாயிற்று.

பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். டெஃப்லான் வழுக்கியது, ஆனால் தாங்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உலோகப் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு போய்விட்டது. தேய்ந்த துகள்களை உடல் அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்த்ததில், மூட்டைச் சுற்றிக் கெட்டியான திசுக்கட்டிகள் உருவாகி, எலும்பை அரித்தன. கண்ணாடித் துகள் கலந்து கெட்டிப்படுத்திய டெஃப்லானைச் சோதித்துப் பார்த்தார். எந்திரத்தில் அது பல மடங்கு உழைத்தது. உடலுக்குள் போனதும் கைவிட்டது. வைத்த ஒவ்வொன்றையும் எடுத்தாக வேண்டும். சார்ன்லி அந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டவில்லை. தான் அறுத்து வைத்ததைத் தானே அறுத்து எடுத்தார். மருத்துவ வரலாற்றில் வெற்றிகளைவிட இந்தக் காலத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

1962 மே மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். அவர் கையில் இருந்தது ஜெர்மனியில் தயாரான ஒரு புது பிளாஸ்டிக்: மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன். லங்காஷயரின் தறி எந்திரங்களுக்குப் பல்சக்கரம் செய்ய அதை விற்றுக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கைத்தறிகளைப் படுக்கவைத்த அதே லங்காஷயர். அந்தத் தறிகளுக்காக வந்த பொருள் ஒருநாள் நம் பாட்டிகளின் இடுப்புக்குள் போகும் என்று யார் நினைத்திருக்க முடியும்?

அவரைச் சந்தித்தவர் ஹாரி கிரேவன். மருத்துவரும் அல்ல, பட்டதாரியும் அல்ல. சார்ன்லியின் பட்டறையில் கருவிகள் செய்யும் தொழிலாளி. மாதிரித் துண்டைக் கொண்டுபோய்ச் சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி அதைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது ஆகாது, நேரத்தை வீணடிக்காதே என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்கிறார்கள். பிறகு கோபன்ஹேகனுக்குப் பயணப்பட்டார். முதலாளி வேண்டாம் என்றதைக் கிரேவன் கேட்கவில்லை. தேய்மானச் சோதனை எந்திரத்தில் அந்தத் துண்டை மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் ஓடியது. மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது தேயவில்லை.

ஊர் திரும்பிய சார்ன்லி எந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தார். பார்த்ததும் மனம் மாறினார், அதுதான் அவரிடம் இருந்த நல்ல குணம். ஆனால் இந்தமுறை தன் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார். டெஃப்லான் துகளையும் புதுப் பொருளின் துகளையும் தன் தொடைச் சதைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், டெஃப்லான் வைத்த இடங்கள் முன்னிருந்ததைப்போல் இரு மடங்கு பருத்த கட்டிகளாக விரலில் தட்டுப்பட்டன. பாலிஎத்திலீன் இருந்த இடமே தெரியவில்லை. இதை 1963 டிசம்பரில் லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். முதல் அறுவைக்கு முன்பே தன் தொடையில் டெஃப்லானை வைத்துப் பார்த்திருந்தால் அந்த 300 பேரும் தப்பியிருப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இருந்திருக்காது.

பாலிஎத்திலீன் கிண்ணம் வைத்த முதல் அறுவை இந்தக் கடிதத்துக்கு முன்பே, 1962 நவம்பரில், நடந்திருந்தது. அது இன்றைக்கும் அடிப்படை. அந்தக் கிண்ணங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்றுதான் தேய்ந்தன. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தவை ஏராளம்.

அடுத்த பகை கிருமி. தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மூட்டில் சீழ் வைத்தது. இடுப்புக்குள் சீழ் வைத்தால் வைத்ததையெல்லாம் பிடுங்க வேண்டும். கிருமி அறுவைக் கூடத்தின் காற்றிலிருந்துதான் விழுகிறது என்று சார்ன்லி நம்பினார். ஹ்யூ ஹோவொர்த் என்பவரைப் பிடித்தார். பஞ்சாலைகளுக்குக் காற்றோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பேர் வாங்கிய குடும்பம் அவருடையது. இருவரும் சேர்ந்து அறுவைக் கூடத்துக்குள்ளேயே கண்ணாடிக் கூண்டு போல ஒன்று கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழாக ஓடவிட்டார்கள். மருத்துவர்களின் மூச்சுக் காற்றைக்கூடக் குழாய் வழியாக வெளியே இழுத்தார்கள். தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பலர் நம்பவில்லை. 1982-ல் 8,000-க்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்ட ஆய்வு வந்த பிறகுதான் தூய காற்றின் பங்கைப் பலரும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் சார்ன்லி காலமானார். இன்று நம் ஊர்களில் மூட்டு மாற்று மருத்துவமனைகள் "லேமினார் ஃப்ளோ தியேட்டர்" என்று விளம்பரப் பலகையில் எழுதிக்கொள்கின்றனவே, அதன் மூலம் இந்தக் கூண்டுதான்.

விற்பனையில் அவர் காட்டிய கஞ்சத்தனம் தனி. லீட்ஸில் இருந்த தாக்ரே நிறுவனம் காம்புகளைத் தயாரித்தது. ஆனால் ரைட்டிங்டனுக்கு வந்து செய்முறை கற்றுக்கொண்டவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சார்ன்லி சட்டம் போட்டார். தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பார்த்து முடிக்கும் வரை பரவலாக விற்கவே விடவில்லை. நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டார்: நீங்கள் இறந்த பிறகு இந்த மூட்டை எங்களுக்குத் திருப்பித் தருவீர்களா? பலரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் இறந்தால் ரைட்டிங்டனிலிருந்து ஆள் போய் மூட்டை எடுத்து வருவார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சாந்தும் எலும்பும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று அறுத்துப் பார்ப்பார்கள். செயற்கை மூட்டை அல்ல, பத்து ஆண்டு கழித்து அதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் சார்ன்லியின் உண்மையான கண்டுபிடிப்பு என்று சொல்வேன்.

சிறிய பந்துக்கு ஒரு விலையும் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நழுவ அது நகர வேண்டிய தூரம் குறைவு. அதாவது மூட்டு கழன்றுகொள்ளும். பின்னாளில் தேய்மானம் இன்னும் குறைந்த பாலிஎத்திலீன் வந்ததால், 28, 32, 36 மில்லிமீட்டர் என்று பந்து மறுபடி பெரிதாகியிருக்கிறது. ஆனாலும் தசைகள் சேர்ந்து வலுப்பெறும் வரை கவனம் வேண்டும். வீட்டில் உடனிருப்பவருக்கு மருத்துவர் சொல்லி அனுப்பும் பட்டியல் இந்த வடிவியலிலிருந்து வந்ததுதான்: முழங்கால் இடுப்புக்கு மேலே போகும்படி காலை மடக்கக்கூடாது, தாழ்ந்த சோபாவில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. எந்தப் பக்கத்திலிருந்து அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த விதிகள் கூடும் குறையும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லங்காஷயர்க்காரருக்கு இவை சின்ன விதிகள். நமக்கு அப்படியில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, தரையில் பாய் விரித்துப் படுப்பது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாவற்றுக்கும் இடுப்பு முழுதாக மடங்க வேண்டும். குத்தவைக்கும் கழிப்பறை எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று பார்க்க வேண்டும். வாடகை வீடென்றால் நடுவில் ஓட்டையுள்ள இரும்பு நாற்காலி ஒன்றை வாங்கிப் பீங்கான்மேல் நிறுத்திவிடலாம். உயரம் முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும், கால்களில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும், சுவரில் பிடித்து எழக் கம்பி வேண்டும். வாக்கரோடு உள்ளே நுழையும் அளவுக்குக் கதவு அகலமா என்பதையும் முன்கூட்டியே அளந்துவிடுவது நல்லது. மகன்கள் ஆபரேஷன் செலவைப் பற்றி நாள்கணக்கில் பேசுவார்கள், இந்த நாற்காலியைப் பற்றி மருமகள் ஒருத்திதான் கவலைப்படுவாள்.

இனி கதையின் கசப்பான பகுதி. தாக்ரே நிறுவனத்தை 1990-ல் டிபுயி என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. அதே லீட்ஸிலிருந்து பின்னர் ஏ.எஸ்.ஆர். என்ற புதிய இடுப்பு மூட்டு வந்தது. பிளாஸ்டிக் கிண்ணமே இல்லாமல், பெரிய உலோகப் பந்து, உலோகக் கிண்ணம். தேய்மானமே இருக்காது என்ற நம்பிக்கை. தேய்ந்தது, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன, சுற்றியிருந்த சதை அழிந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்கு வைத்தாயிற்று. அவசரப்படாமல் விற்கச் சொன்ன மனிதரின் மூட்டைத் தயாரித்த ஊரிலிருந்தே அவசரத்தில் விற்ற மூட்டு வந்தது.

இந்தியாவில் இது சுமார் 4,700 அறுவைகளில் பயன்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இழப்பீடு அறிவித்த பிறகும், தனக்குள் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாதவர் எப்படிப் போய்க் கேட்பார்?

ஒவ்வொரு செயற்கை மூட்டின் பெட்டிக்குள்ளும் பெயர், அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட சில ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள், இன்னொன்று நோயாளிக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்கி, ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியிலும் ஒரு படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருக்காவது அனுப்பிவிடுங்கள்.